ஒரு கவளம் வேலை



நம் பத்திரிகையின் போன மாதக் குறுக்கெழுத்துப் போட்டிக்கு வந்த கூப்பன்களை ஒரு சனிக்கிழமை மத்தியானம் மேஜையில் கொட்டிப் பிரித்துக்கொண்டிருந்தோம். பெயர், வயது, ஊர், தொழில், போன் நம்பர் என்று அதில் ஐந்து வரி உண்டு. வழக்கமாக நான் விடைக் கட்டங்களைத் தாண்டி எதையும் பார்ப்பதில்லை. அன்றைக்கு ஏனோ 'தொழில்' என்ற வரியில் கண் போய் நின்றுவிட்டது. திருப்பூர்ப் பக்கத்து வாசகி ஒருவர் அதில் எழுதியிருந்தார்: "ஜாப் இல்லை." அதற்கடியில், இடம் போதாமல், எறும்பு ஊர்ந்த மாதிரி சின்ன எழுத்தில்: "வீட்டில் பிசிறு வெட்டுகிறேன்."

பனியன் கம்பெனி வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தைத்து முடித்த பனியனில் தோள்பட்டை, கை மடிப்பு, அடி மடிப்பு என்று தையல் முடியும் இடமெல்லாம் நூல் நுனி தொங்கும். அதை ஒவ்வொன்றாக நறுக்கி எடுப்பதுதான் பிசிறு வெட்டுவது. கொஞ்சம் அவசரப்பட்டால் துணியிலேயே கத்தரி விழும். விழுந்தால் அந்தப் பீஸ் வீண்.

ஜாப் இல்லை, ஆனால் வேலை செய்கிறேன். இரண்டையும் ஒரே ஆள் ஒரே கூப்பனில் எப்படி எழுத முடிகிறது? நமக்கு இது விசித்திரமாகவே படுவதில்லை, கவனித்தீர்களா? "தலைக்கு மேல வேலை கிடக்கு" என்று காலையில் சலித்துக்கொள்ளும் அம்மாவைப் பற்றி, சாயங்காலம் வரும் விருந்தாளியிடம் "அவங்க வேலைக்கு ஒண்ணும் போகல, வீட்லதான் இருக்காங்க" என்று கூசாமல் சொல்கிறோம்.

இந்த 'ஜாப்' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று அகராதிகளைப் புரட்டினேன். புரட்டியதும் சிரிப்பு வந்துவிட்டது.

1550களில் இந்தச் சொல் ஆங்கிலத்தில் தலைகாட்டும்போது தனியாக வரவில்லை. 'வேலையில் ஒரு ஜாப்' என்றுதான் எழுதினார்கள். தினமும் தொடர்ந்து செய்கிற உழைப்பு ஒரு பக்கம். அதிலிருந்து பிய்த்து எடுத்த ஒரு துண்டு இன்னொரு பக்கம். அந்தத் துண்டுக்குப் பெயர்தான் ஜாப். கட்டி, உருண்டை என்று பொருள்படும் 'காப்' என்ற இன்னொரு பழைய சொல்லின் திரிபாக இது இருக்கலாம் என்பது அறிஞர்களின் ஊகம். அந்த 'காப்' வாய்கொள்ளும் அளவு உணவையும் குறிக்கும். நம் பாஷையில் சொன்னால் கவளம். அப்படிப் பார்த்தால், ஜாப் என்பது ஒரு கவளம் வேலை. பிடித்துக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டோம், முடிந்தது. அடுத்த கவளம் வருமா என்பது கொடுக்கிறவர் கையில்.

அடுத்த நூறு வருஷத்தில் 'காசுக்குச் செய்கிற வேலை' என்ற அர்த்தம் சேர்ந்துகொண்டது. ஆனால் நாம் இன்று நினைக்கிற ஜாப், அதாவது ஒன்றாம் தேதி சம்பளமும் உட்கார ஒரு நாற்காலியுமாக இருக்கிற ஜாப், அச்சில் தென்படுவது 1850களின் கடைசியில்தான். சொல் பிறந்து 300 வருஷம் கழித்து!

(பைபிளில் சோதனைமேல் சோதனை படும் யோபுவுக்கும் ஆங்கிலத்தில் இதே மூன்று எழுத்துதான். உச்சரிப்பு மட்டும் 'ஜோப்'. இரண்டுக்கும் உறவு கிடையாது என்று அகராதி சத்தியம் செய்கிறது. நாலு வருஷமாக டி.என்.பி.எஸ்.சி. எழுதிக்கொண்டிருக்கும் பையனின் அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், நம்பமாட்டார்.)

1755-ல் லண்டனில் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் புகழ்பெற்ற ஆங்கில அகராதியில் இந்தச் சொல் எப்படி இருக்கிறது தெரியுமா? தாழ்ந்த சொல், இப்போது ரொம்பப் புழங்குகிறது, வேர் என்னவென்று தன்னால் சொல்ல முடியவில்லை என்கிற ரீதியில் எழுதிவிட்டு, அற்பமான, தற்செயலாக அகப்படுகிற வேலை என்று பொருள் கொடுக்கிறார். மனுஷனுக்கு அந்தச் சொல்லே பிடிக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த அகராதியே ஒரு ஜாப் ஒர்க்தான். 1746-ல் லண்டன் புத்தக வியாபாரிகள் சிலர் கூட்டாகச் சேர்ந்து ஜான்சனிடம் வேலையை மொத்தமாகப் பேசிக் கொடுத்தார்கள். தொகை 1,575 பவுண்டு. மூன்று வருஷத்தில் முடித்துத் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டவர் ஏறக்குறைய ஒன்பது வருஷம் எடுத்துக்கொண்டார். கூட வேலை பார்த்த ஆறு உதவியாளர்களுக்கும் அந்தப் பணத்திலிருந்துதான் கொடுக்க வேண்டும். வீடு கட்ட மொத்தக் கான்ட்ராக்ட் எடுத்து, சிமெண்ட் விலை ஏற ஏற முழி பிதுங்கும் மேஸ்திரியைப் பார்த்திருக்கிறீர்களே, அதே நிலைமை. 42,000-க்கும் மேற்பட்ட சொற்களோடு அகராதி வெளிவந்து பேரும் புகழும் கிடைத்தது. மறு வருஷமே ஐந்து பவுண்டு பதினெட்டு ஷில்லிங் கடனுக்காக அவரைப் பிடித்துவிட்டார்கள். நாவலாசிரியர் சாமுவேல் ரிச்சர்ட்சன் பணம் அனுப்பித்தான் வெளியே வந்தார்.

கதை இதோடு முடியவில்லை. அதே அகராதியில் 'பென்ஷன்' என்ற சொல்லையும் அவர் விட்டுவைக்கவில்லை. நாட்டுக்குத் துரோகம் செய்வதற்காக அரசாங்கக் கையாளுக்குக் கொடுக்கிற கூலி என்பதுபோல் குத்தலாக எழுதியிருந்தார். 1762-ல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் அவருக்கு வருஷத்துக்கு 300 பவுண்டு பென்ஷன் அறிவித்தார். ஜான்சன் கொஞ்சம் தயங்கினார், நண்பர்களைக் கலந்து பேசினார், வாங்கிக்கொண்டார். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். மாதாமாதம் வீட்டு வாடகைக்கு அல்லாடிய யாரும் சொல்லமாட்டார்கள்.

அந்தக் காலத்தில் ஜாப்புக்கு இன்னும் மட்டமான ஓர் அர்த்தமும் இருந்தது. பொதுப் பதவியில் உட்கார்ந்துகொண்டு தனக்கும் தன் மைத்துனனுக்கும் ஆதாயம் பார்ப்பதற்கு ஜாப் என்றே பெயர். திருட்டில் வீட்டு ஆளே உடந்தையாக இருந்தால் இன்றைக்கும் 'இன்சைட் ஜாப்' என்கிறோமே, அதில் அந்த வாடை கொஞ்சம் மிச்சமிருக்கிறது. நம் நாட்டில், பம்பாய்ப் பஞ்சாலைகளில் 'ஜாபர்' என்று ஒருவர் இருந்தார். ஆள் சேர்ப்பதும் அவர், நிறுத்துவதும் அவர். வேலை கொடுக்க, கொடுத்ததைக் காப்பாற்ற என்று தொழிலாளியிடம் தனியாகக் காசும் கறப்பார். தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1931-ல் வெளியான ராயல் கமிஷன் அறிக்கை இந்த ஏற்பாட்டை வெளுத்து வாங்கியது.

ஜாப்புக்கு நேரெதிர்த் திசையில் கப்பலேறிய ஒரு சொல்லையும் நினைத்துப் பாருங்கள். நம்மிடம் 'கூலி' என்று ஒரு மரியாதையான சொல் இருக்கிறது. உழைப்புக்குரிய பணம், அவ்வளவுதான். அது ஆங்கிலத்துக்குப் போய், ஆளையே குறிக்கும் 'கூலி' ஆகி, தென்னாப்பிரிக்காவிலும் கரீபியன் தீவுகளிலும் வசைச்சொல்லாகவே மாறிவிட்டது. (குஜராத்தின் கோலி சமூகத்தின் பெயரும் அதில் கலந்திருக்கிறது என்பார்கள்.) அங்கே தாழ்ந்த சொல்லாகத் திட்டு வாங்கிய ஜாப் இங்கே வந்து, மாப்பிள்ளையின் முதல் லட்சணமாகச் சிம்மாசனம் ஏறிவிட்டது. "பையன் ஜாப்ல இருக்காரா, பிசினஸா?" என்று பெண் வீட்டார் கேட்கும்போது அதில் எத்தனை கேள்வி அடங்கியிருக்கிறது! சம்பளம் நிச்சயமா, பி.எஃப். உண்டா, லோன் கிடைக்குமா, நாளைக்கே வீட்டில் உட்கார்ந்துவிடமாட்டாரே?

ஆனால் பழைய ஜாப் செத்துப்போய்விடவில்லை. துண்டு வேலை என்ற அந்த அர்த்தம் நம் தெருக்களில் திடகாத்திரமாக நடமாடுகிறது.

கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறைக்குள் போய் நின்று பாருங்கள். "ஜாப்பை சக்குல மாட்டு" என்பார் மேஸ்திரி. அவர் சொல்கிற ஜாப், கையில் இருக்கிற அந்த இரும்புத் துண்டு. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கும் பையன் "இன்னிக்கு ஜாப் முடிக்கல" என்றால், ராவ வேண்டிய பிளேட் இன்னும் அளவுக்கு வரவில்லை என்று அர்த்தம். கட்டி, உருண்டை, துண்டு என்று அகராதி சொன்னது நினைவிருக்கிறதா? எண்ணெய்க் கறை படிந்த அந்தக் கைகளில்தான் அந்தப் பொருள் பத்திரமாக இருக்கிறது. கோர்ட் வாசலிலும் சார்பதிவாளர் ஆபீஸ் எதிரிலும் 'ஜெராக்ஸ், ஜாப் டைப்பிங்' என்று போர்டு தொங்குகிறதே, அதுவும் அதேதான். பக்கத்துக்கு இவ்வளவு.

திருப்பூரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு பனியன் ஒரே கூரையின் கீழ் உருவாவது அங்கே அபூர்வம். நூலைத் துணியாக்க ஒருவர், சாயம் ஏற்ற ஒருவர், காம்பாக்டிங் ஒருவர், பிரிண்டிங் ஒருவர், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் என்று ஆளுக்கு ஒரு கவளம். கேட்டால் "நாங்க ஜாப் ஒர்க்குங்க" என்பார்கள். ஜிஎஸ்டி சட்டம்கூட 2017-ல் இதற்கு இலக்கணம் எழுதிவிட்டது: பதிவு பெற்ற ஒருவருக்குச் சொந்தமான சரக்கின் மேல் இன்னொருவர் செய்துகொடுக்கும் வேலை. அனுப்பிய சரக்கு ஒரு வருஷத்துக்குள் திரும்பி வர வேண்டும் என்று கெடுவும் வைத்திருக்கிறது. சரக்கு ஒருவருடையது, கை இன்னொருவருடையது. எனக்குத் தெரிந்து இந்தச் சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எந்த அகராதியிலும் இல்லை.

அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் உட்கார்ந்திருப்பவர்தான் "ஜாப் இல்லை" என்று எழுதிய நம் வாசகி. அசல் ஜாப் செய்கிறவர் அவர்தான். தனக்கு ஜாப் இல்லை என்று எழுதுகிறவரும் அவர்தான்.

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். என் அப்பா ஒரு சின்ன அச்சகத்தில் கம்பாசிடர். கல்யாணப் பத்திரிகை, பில் புக், நோட்டீஸ் என்று ட்ரெடில் அச்சு எந்திரத்தில் ஓடுகிற உதிரி வேலைதான் அதிகம். பத்திரிகைக்கான கவர்களை ஒட்டிக் கொடுக்கிற வேலை எங்கள் வீட்டுக்கு வரும். அம்மா மைதா மாவைக் காய்ச்சி, பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் துளி போட்டு, பசை கிண்டுவார். ராத்திரி எங்களைத் தூங்கவைத்துவிட்டு உட்கார்ந்தால், கவர்களை விசிறி மாதிரி விரித்து, ஓரத்தில் மட்டும் பசை படுகிற மாதிரி ஒரே இழுப்பு. அப்புறம் மடிப்பு, மடிப்பு, மடிப்பு. நூறு சேர்ந்ததும் குறுக்கே ஒரு பேப்பர்த் துண்டு. முகூர்த்த மாதம் வந்தால் விரல் நுனியில் அந்த மயில்துத்த நீலம் போகவே போகாது.

கல்லூரியில் சேர மனு எழுதும்போது, அப்பாவின் தொழில் என்ற இடத்தில் 'அச்சுத் தொழிலாளி' என்று எழுதினேன். அம்மாவின் தொழில் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டேன். யாரும் போடச் சொல்லவில்லை, நானாகத்தான் போட்டேன். அந்த வருஷ ஃபீஸில் பாதி அந்தக் கவர்கள்.

பல வருஷம் கழித்து, அப்பா இறந்தபிறகு, கணக்குப் பார்க்க அந்த அச்சகத்துக்குப் போனேன். முதலாளி பழைய செலவு நோட்டை எடுத்துக் காட்டினார். ஒரு பக்கத்தில் சம்பளம் என்று அப்பாவின் பெயர். எதிர்ப் பக்கத்தில், பெயர் இல்லாமல், வாராவாரம் ஒரே வரி: 'கவர் ஒட்டியது, ஜாப்.' எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு உரிய ஒரே ஆள் என் அம்மாதான் என்று அன்றைக்குத் தெரிந்தது.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். பூ கட்டுகிறவர், பீடி சுற்றுகிறவர், டெய்லர் கடையிலிருந்து ப்ளவுஸ் வாங்கிவந்து ஹெம்மிங் செய்து கொக்கி வைப்பவர், புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பவர். "சும்மா இருக்கிற நேரத்துல ஏதோ பண்றா" என்றுதான் நாம் சொல்வோம். அவரும் அப்படித்தான் சொல்வார். ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்த வேலைக்கு இடம் யாருடையது? லைட் எரிகிற கரண்ட் பில் யாருடையது? ஊசி, நூல், மெஷினுக்கு எண்ணெய்? கம்பெனி கட்ட வேண்டிய வாடகையிலும் கரண்டிலும் ஒரு பங்கை நம் வீடு சத்தமில்லாமல் கட்டிக்கொண்டிருக்கிறது. முதுகு வலிக்கு வாங்குகிற தைலத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

குழந்தையைப் பார்த்துக்கொண்டே நாலு காசு வருகிறது, அதைப் போய் ஏன் பெரிசு பண்ணுகிறீர்கள் என்று சிலர் கேட்கலாம். நியாயம்தான். வெளியே போய் ஒன்றரை ஷிப்ட் நிற்பதைவிட இது தேவலாம் என்று நினைக்கிற பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வேலையை விடச் சொல்லவில்லை. அதை வேலை என்று எழுதச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஏனென்றால் எழுதினால்தான் கிடைக்கிற சில விஷயங்கள் இருக்கின்றன. பீடித் தொழிலாளர்களுக்கு 1966-லேயே சட்டம் வந்து, வீட்டில் உட்கார்ந்து சுற்றுபவரும் தொழிலாளிதான் என்று சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 1982-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நல வாரியங்கள் இருக்கின்றன. தையல் தொழிலாளர்களுக்கும் ஒன்று உண்டு. 2008-ல் வந்த அமைப்புசாராத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்தே வேலை செய்பவரையும் சேர்த்துக்கொண்டது. 2021-ல் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவில் பன்னிரண்டு இலக்க எண் தருகிறார்கள். இப்படி எதில் பதியப் போனாலும் அந்த 'தொழில்' வரியைக் கேட்பார்கள். அங்கே கோடு போட்டால் மேற்கொண்டு பேச்சில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கென்றே 1996-ல் ஓர் ஒப்பந்தம் கொண்டுவந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை என்பது வேறு கதை.

சாப்பாட்டுப் பொட்டலத்தோடு பைக்கில் பறக்கிற பிள்ளைகளுக்கு இப்போது 'கிக்' தொழிலாளர் என்று புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள். அமெரிக்க ஜாஸ் வாத்தியக்காரர்கள் 1920களில் பேசிக்கொண்ட கொச்சைச் சொல் அது. ஒரு ராத்திரிக் கச்சேரிக்குப் பெயர் கிக். 2020-21ல் இந்தியாவில் இப்படி 77 லட்சம் பேர் என்று நிதி ஆயோக் மதிப்பிட்டது. கச்சேரி என்றாலும் கவளம் என்றாலும் சங்கதி ஒன்றுதான். 'பையன் ஜாப்ல இருக்கானா' என்று யாராவது கேட்டால் அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களும் ஒரு நிமிஷம் தடுமாறத்தான் செய்கிறார்கள்.

திருப்பூர் வாசகிக்கு விடை முழுவதும் சரி. பரிசு அவருக்கும் உண்டு. அதைச் சொல்ல நானே போன் செய்தேன். சந்தோஷப்பட்டார். அப்புறம் மெதுவாக அந்த 'ஜாப் இல்லை' விஷயத்தைக் கேட்டேன்.

"ஆமாங்க சார். கம்பெனிக்குப் போனாத்தானுங்க ஜாப்பு. நான் வீட்ல கெடந்து வெட்றேன், அதைப் போய் எப்படீங்க அப்படி எழுதறது?"

"ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் பார்ப்பீங்கம்மா?"

"நேத்து நானூறுங்க. ஆர்டர் அவசரமுன்னா பாப்பாவும் கூட உக்காருவா. அவளுக்குப் பரீட்சைங்கறதால இந்த வாரம் நா மட்டுந்தான்."

ரேட் என்ன என்று கேட்டேன். சொன்னார். அதைப் பத்திரிகையில் போட்டுவிடாதீர்கள், பீஸ் கொண்டுவந்து கொடுக்கிறவர் கோபித்துக்கொண்டு அடுத்த தெருவுக்குக் கொடுத்துவிடுவார் என்றார். போடவில்லை.

அடுத்த இதழிலிருந்து நம் கூப்பனில் 'தொழில்' என்ற வரி இருக்காது. அந்த இடத்தில் 'நேற்று என்னென்ன வேலை செய்தீர்கள்?' என்று கேட்கப் போகிறோம், இடத்தையும் கொஞ்சம் தாராளமாக விட்டு. இதை அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது.

"சார், வண்டி வந்துருச்சுங்க. எண்ணிக் குடுக்கோணும், வெச்சர்றேனுங்க."

அன்புடன்,
ஆசிரியர்